தம்பி மகனுக்கு ஆர்.பி. என்கிறார்கள்: ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டலாமா? ஆராய்ச்சி இப்போது எந்த அளவில் இருக்கிறது?

மேலூர்_முருகு

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் தம்பி மகனுக்கு 19 வயது. மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் தடுமாறுவான். வீட்டில் மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்து வந்தார்கள். இந்த வருடம் பகலிலேயே பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் இரண்டொரு தடவை இடித்துக்கொண்டான். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, விழித்திரை அடுக்குகளைப் பார்க்கும் ஓ.சி.டி. ஸ்கேன், விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் ஈ.ஆர்.ஜி. எல்லாம் எடுத்துவிட்டு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி., என்று சொல்லிவிட்டார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வருமாம். கண்ணாடியாலும் ஆபரேஷனாலும் சரி செய்ய முடியாது, வருடாவருடம் வந்து காட்டுங்கள் என்றார்கள்.

இப்போது தெரிந்தவர் ஒருவர் மூலமாக வெளியூரில் ஓர் இடத்தைப் பற்றித் தகவல் வந்திருக்கிறது. இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசியாகப் போடுவார்களாம், ஆறு மாதத்தில் பார்வை திரும்புமாம். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், அதில் பாதி முன்பணம். தம்பி சம்சாரம் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறாள். 'இது ஆராய்ச்சி சிகிச்சை, சீட்டு குறைவு, சீக்கிரம் முடிவெடுங்கள்' என்று தினமும் போன் வருகிறது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. அவனுக்கு ஒரு தங்கச்சி, 16 வயது. தம்பி கட்டியது சொந்த அத்தை மகளைத்தான். தங்கச்சியையும் தாய்மாமன் மகனுக்கே கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு உண்டு. அவளுக்கும் இது வருமா?

---

ஆய்வுக்கூடம்_24

முருகு அண்ணே, முன்பணம் கட்ட வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். நான் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன், மருத்துவர் இல்லை. படித்ததும் பார்த்ததும்தான் எழுதுகிறேன்.

இந்தியாவில் ஸ்டெம் செல்லுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் தேசிய வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை 'சிகிச்சை' என்று விற்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வேறு நோய்க்குப் போட வேண்டும் என்றால் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே போட வேண்டும். ஆய்வு என்றால் அதில் சேருகிறவரிடம் மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது. உங்களிடம் 'ஆராய்ச்சி' என்றும் சொல்கிறார்கள், பணமும் கேட்கிறார்கள். இது ஒன்றே போதும், கதவைச் சாத்திவிடலாம்.

இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. புதிய சிகிச்சையைச் சோதிக்கும் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் மோசமான கண்ணில்தான் ஆரம்பிப்பார்கள். ஏதாவது ஆனால் மற்ற கண் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்கில் வயதான பெண்கள் மூன்று பேர், ஆளுக்கு 5,000 டாலர் கொடுத்து, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொண்டார்கள். மாக்யுலா என்கிற நடுவிழித்திரையில் தேய்மானம் இருந்தாலும் அதுவரை ஓரளவு பார்வையோடு இருந்தவர்கள். மூன்று பேருக்குமே விழித்திரை பிரிந்து, ரத்தம் கசிந்து, பார்வை போய்விட்டது. 2017-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது விவரமாக வெளிவந்தது. அந்த கிளினிக்கின் பெயரில் அரசின் ஆய்வுப் பதிவுத் தளத்தில் ஒரு பதிவும் இருந்தது என்பதுதான் கொடுமை. அதனால் 'நாங்கள் பதிவு செய்திருக்கிறோம்' என்று ஒரு எண்ணைக் காட்டினால் அதோடு திருப்தி அடையாதீர்கள். மருத்துவ ஆய்வுகளுக்கான நம் நாட்டுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. அதில் அந்த எண்ணைப் போட்டு, யார் நடத்துகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டெம் செல்லே பொய் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் கோபே நகரில் மசாயோ தகஹாஷி குழுவினர் 2014-ல் ஒரு மூதாட்டியின் தோலிலிருந்து எடுத்த செல்களை மாற்றியமைத்து, விழித்திரைக்கு அடியில் இருக்க வேண்டிய படலமாக வளர்த்து ஒரு கண்ணில் வைத்தார்கள். படலம் பிழைத்துக்கொண்டது, பார்வை மேலும் இறங்காமல் நின்றது, ஆனால் கூடவில்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயார் செய்த செல்களில் மரபணு மாற்றம் தென்பட்டதும் அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். நேர்மையான ஆராய்ச்சி இப்படித்தான் நடக்கும். சந்தேகம் வந்தால் நிறுத்துவார்கள், நடந்ததை வெளியே சொல்வார்கள். 'சீட்டு குறைவு' என்று யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

---

உசிலை_வாத்தியார்

மேலே சொன்னது நியாயம். ஆனால் இந்த ஆராய்ச்சிகளால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுவரை என்ன கிடைத்தது என்று ஒரு வாத்தியாராகக் கேட்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையனுக்கும் இதே நோய்தான். 'ஜீன் டெஸ்ட் எடுங்கள்' என்றார்கள். கூலி வேலை செய்கிற குடும்பம், கடன் வாங்கி எடுத்தார்கள். ஏதோ ஒரு ஜீன் பெயர் வந்தது, மருந்து கிடையாது என்று முடிந்துவிட்டது. அந்தப் பணத்தில் அவன் ஒரு லேப்டாப் வாங்கியிருக்கலாம். மருந்தே இல்லாத நோய்க்குப் பரிசோதனை எதற்கு?

---

ஆய்வுக்கூடம்_24

ஐயா, கேள்வி நியாயமானது. கடன் வாங்கி எடுக்க வேண்டிய பரிசோதனை இல்லை அது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெரிய கண் மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகளில் சில நோய்களுக்கு ஆய்வுத் திட்டத்தின் கீழேயே ரத்தம் எடுத்துப் பார்ப்பது உண்டு. முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். மதுரையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு மரபியலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

பரிசோதனை எதற்கு என்றால், ஆர்.பி. என்பது ஒரே நோய் கிடையாது. அதில் முதல் மரபணுவாக ரொடாப்சினை 1990-ல் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு ஆர்.பி.க்கு மட்டும் எண்பதுக்கு மேல் மரபணுக்கள் தெரிகின்றன. விழித்திரைப் பரம்பரை நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் 250-ஐத் தாண்டும். எந்த மரபணு என்பதை வைத்துத்தான் எவ்வளவு வேகமாகக் குறையும், யாருக்கெல்லாம் வரலாம், எந்த ஆய்வில் சேர முடியும் என்பதெல்லாம் தெரியவரும். நூறு பேர் பரிசோதித்தால் அறுபது எழுபது பேருக்குத்தான் விடை கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பரம்பரை விழித்திரை நோய்க்கு முதன்முதலாக அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஆர்.பி.இ.65 என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கானது அது. லக்ஸ்டர்னா என்று பெயர், அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கேடு செய்யாத ஒரு வைரஸில் சரியான மரபணுவை ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? தரையில் அம்புக்குறி போட்டு, நடுநடுவே தடைகள் வைத்து ஒரு பாதை அமைத்தார்கள். வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து அதில் நடக்கச் சொன்னார்கள். முன்பு நல்ல வெளிச்சத்திலேயே முட்டிக்கொண்ட பிள்ளைகள், சிகிச்சைக்குப் பிறகு மங்கலான வெளிச்சத்தில் முட்டாமல் நடந்தார்கள். எழுத்துப் பலகையை விட இது எவ்வளவு பொருத்தமான சோதனை! ஆனால் 2018-ல் அறிவித்த விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8.5 லட்சம் டாலர். ஆர்.பி.இ.65 கோளாறு உள்ளவர்களும் மிகக் குறைவு. உயிரோடு இருக்கிற செல்களுக்குத்தான் அது உதவும், இறந்துபோனவற்றை எழுப்பாது.

இதனால்தான் எந்த மரபணுவாக இருந்தாலும் உதவுகிற வழிகளையும் தேடுகிறார்கள். 2021-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பாரிஸில் 58 வயது ஆர்.பி. நோயாளி ஒருவரின் மோசமான கண்ணில், விழித்திரையில் மிச்சமிருந்த வேறு வகை நரம்பு செல்களுக்கு ஒளியை உணரும் தன்மையைக் கொடுத்தார்கள். கேமரா பொருத்திய ஒரு சிறப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்த நோட்டையும் டம்ளரையும் அவரால் கண்டுபிடித்துத் தொட முடிந்தது. முகம் தெரியவில்லை, படிக்க முடியவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்கு. ஆனால் வெளிச்சம் இருக்கிறதா என்பதைத் தவிர ஒன்றுமே தெரியாமல் இருந்த கண் அது.

முருகு அண்ணே, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மரபணுப் பரிசோதனைதான் விடை. அது இல்லாமல் நான் சொல்வது வெறும் கணக்கு. பெற்றோர் இருவருக்கும் பார்வை நன்றாக இருந்து, சொந்தத்தில் கட்டியும் இருப்பதால், இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று பையனுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. தங்கச்சியை உடனே கண் மருத்துவரிடம் காட்டி, மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு நோய் இல்லை என்று ஆனாலும், பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவளுக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது.

தாய்மாமன் மகன் என்கிறீர்கள். அம்மாவிடம் அந்தப் பழுது இருந்தால் மாமனிடம் இருக்கும் வாய்ப்பு பாதி, மாமன் மகனிடம் நாலில் ஒன்று. தங்கச்சி சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, மாமன் மகன் சுமக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, இருவரும் சுமந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நாலில் ஒன்று, மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 24-ல் ஒன்று. வெளியில் கட்டினால் இது மிக மிகக் குறைந்துவிடும். பையனின் மரபணு தெரிந்துவிட்டால் மாமன் மகனிடம் அந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்த்து, இருக்கா இல்லையா என்று சொல்லிவிடலாம். கல்யாணம் பேசும் வீட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லையா, வாத்தியார் ஐயா?

---

உசிலை_வாத்தியார்

அந்தக் கோணத்தில் யோசித்தால் சரிதான். நம் பக்கத்தில் முறைப்பெண், முறைமாமன் என்று விட்டுக்கொடுக்காமல் நிற்கிற குடும்பங்கள்தான் அதிகம். பரிசோதனை முடிவு கையில் இருந்தால் பெரியவர்களிடம் பேச ஒரு பிடி கிடைக்கும். ஆனால் அதைக் குடும்பத்துக்கு உட்கார வைத்து விளக்க ஒருவர் வேண்டும். என் மாணவன் வீட்டுக்கு அந்த விளக்கம் கிடைக்கவே இல்லை. ஒரு காகிதம் மட்டும்தான் கிடைத்தது. பரிசோதனையோடு ஆலோசனையும் சேர்ந்து வந்தால்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

இன்னொன்று. பையனின் அம்மாவை யாரும் குற்றம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் சமமாக வருகிற நோய்க்கு ஒருத்தி தலையில் மட்டும் பழி.

---

வைகைக்கரையான்

எனக்கு ஆர்.பி. நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். ஆராய்ச்சி பற்றி நல்ல விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதோடு, பையன் இந்த வருடமே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. ஆராய்ச்சி வரும் வரும் என்று 19 வயதுப் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

இந்த நோய் வெளியாட்களுக்குப் புரியாது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் வருகிற பஸ்ஸின் நம்பர் போர்டைத் தூரத்திலேயே படித்துவிடுவேன். நடுப்பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் காலடியில் யாரோ வைத்திருக்கும் பூக்கூடை தெரியாது, அதில் இடறி விழுவேன். போர்டைப் படிப்பதைப் பார்த்துவிட்டு, பாஸை நீட்டியதும் 'நல்லாத்தானே கண்ணு தெரியுது, எதுக்கு நடிக்கிற' என்று ஒரு கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எழுத்துப் பலகையை மட்டும் வைத்துப் பார்வையின்மையை முடிவு செய்வதில்லை. பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே சுருங்கிவிட்டால், நடுவில் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அது பார்வையின்மை. 10-லிருந்து 40 டிகிரிக்குள் இருந்தால் குறைபார்வை. ஆகவே சான்றிதழுக்குப் போகும்போது பார்வைப் பரப்புச் சோதனை, அதாவது ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் கட்டாயம் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் போனால் 'பலகையில் 6/9 வரி தெரிகிறதே' என்று திருப்பி அனுப்பக்கூடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அரசு வேலையில் இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் ஒதுக்கீடு எல்லாம் அதை வைத்துத்தான். தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. பையன் கல்லூரியில் படிக்கிறான், இது இப்போதே உதவும்.

கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கோல் பிடிக்க எல்லோருக்கும் கூச்சம், எனக்கும் இருந்தது. முழுக்கப் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும்தான் கோல் என்பது இல்லை. எனக்குத் தரையையும் படிக்கட்டையும் அது சொல்லிவிடுகிறது, மிச்சமிருக்கும் பார்வையை நான் எதிரே பார்க்க வைத்துக்கொள்கிறேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கோல் கையில் இருந்தால் ஜனங்கள் தானாக வழி விடுகிறார்கள். இல்லாவிட்டால் 'பாத்து வரக்கூடாதா' என்று ஏச்சுதான். முறையாக நடைப்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். மதுரையில் 1985-லிருந்து இயங்கும் இந்திய பார்வையற்றோர் சங்கத்தில் விசாரியுங்கள். கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு என்று தனியாக இருக்கும், அங்கேயும் கேளுங்கள்.

பைக்கை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், முருகு. அதில் பேச்சே கிடையாது.

---

மேலூர்_முருகு

படிக்கப் படிக்க மனசு ஒரு நிலைக்கு வருகிறது. பைக் சாவியைத் தம்பி வாங்கி வைத்துவிட்டான். பையன் கோபத்தில் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

சத்து மாத்திரை பற்றி யாராவது சொல்லுங்கள். வைட்டமின் ஏ நிறையக் கொடுத்தால் நல்லது என்று மருந்துக் கடையில் சொன்னார்களாம்.

---

ஆய்வுக்கூடம்_24

1993-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, தினமும் 15,000 யூனிட் வைட்டமின் ஏ கொடுத்தால் ஆர்.பி. கொஞ்சம் மெதுவாகலாம் என்றது. பல வருடம் எல்லோரும் அதைத்தான் பின்பற்றினார்கள். 2023-ல் அந்தத் தரவையே, அப்போது தெரியாத மரபணு விவரங்களையும் சேர்த்துத் திரும்ப ஆராய்ந்தபோது பலன் இருப்பதாகத் தெரியவில்லை. அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு. ஸ்டார்கார்ட் என்ற வேறொரு பரம்பரை விழித்திரை நோய்க்கு வைட்டமின் ஏ மாத்திரை எதிர்மாறாகக் கெடுதலே செய்யலாம். மருந்துக் கடைக்காரர் சொல்லிச் சாப்பிட வேண்டாம். கீரை, பழம், மீன் தாராளமாகச் சாப்பிடட்டும்.

இதே நோயில் சிகிச்சை உள்ள பகுதிகளும் இருப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்.பி. உள்ளவர்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வரும், அதை எடுக்கலாம். நடுவிழித்திரையில் நீர் கோத்துக்கொள்வது உண்டு, அதற்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. 'ஒன்றும் செய்ய முடியாது' என்று நினைத்து வருடாந்திரப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டால் இவை தப்பிவிடும்.

அப்புறம், பையனுக்குக் காது எப்படி என்று பாருங்கள். ஆர்.பி.யும் காது கேளாமையும் சேர்ந்து வரும் அஷர் நோய் என்று ஒன்று உண்டு. ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடுவது நல்லது.

---

படமெடுப்பவர்

இந்த இழையைத் தினமும் படித்து வருகிறேன். பார்வை மையத்தில் விழித்திரைப் படம் எடுக்கும் வேலை எனக்கு. ஆர்.பி. எப்போதாவதுதான் கண்ணில் படும். உலகக் கணக்கில் சுமார் நாலாயிரம் பேரில் ஒருவருக்கு. எனக்குத் தினமும் வருவது சுகர் கண்தான், அதாவது சர்க்கரை நோயால் கெட்ட விழித்திரை. தலைப்பு விலகினாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் ஆராய்ச்சி முடிந்து விடை கையில் இருக்கிறது. இருந்தும் ஜனங்களுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

அறையை இருட்டாக்கி, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்வேன். 'அந்தப் பச்சை வெளிச்சத்தையே பாருங்கம்மா, இமைக்காதீங்க' என்பேன். ஃப்ளாஷ் அடித்ததும் பாதிப் பேர் தலையைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். வயசானவர்களுக்கு இமை தொங்கும், விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். 'எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே, எதுக்குய்யா இது' என்று கேட்காதவர் குறைவு. போன வாரம் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனுக்குக் கண்ணாடி போடக் கூட்டி வந்தார். அவருக்குச் சுகர் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் உட்கார வைத்து எடுத்தேன். சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, ஓரத்தில் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டு, நரம்புத் தட்டுக்கு மேலே புது ரத்தக்குழாய் கொடி ஓடியிருந்தது. அவர் இன்னும் பேப்பர் படிக்கிறார்! படத்தை அவரிடமே திரையில் காட்டினேன். நாம் வாயால் சொன்னால் ஏறாதது தன் கண்ணின் படத்தைப் பார்த்தால் ஏறுகிறது. அன்றைக்கே லேசருக்கு எழுதி அனுப்பினோம்.

நாட்டளவில் 2022-ல் வந்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வின்படி, 40 வயதைத் தாண்டிய சுகர்காரர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு, 4 சதவீதம் பேருக்குப் பார்வையே பறிபோகும் நிலை. சதவீதம் சின்னதாகத் தெரியும். ஆனால் நாட்டில் சுகர் உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். கணக்கு சொல்கிறதே. லேசர் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்குப் பாதி குறைக்கும் என்பது 1970-களிலேயே நிரூபணமானது. சுகரைக் கட்டுக்குள் வைத்தால் விழித்திரை நோய் வருவதே பெரிய அளவில் குறையும் என்று 1993-ல் டி.சி.சி.டி. என்ற பெரிய ஆய்வு காட்டியது. அறிகுறி தெரியும் முன்பே வந்து ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

உசிலை_வாத்தியார்

படமெடுப்பவர் அவர்களே, இப்போது கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுகிறதாமே? டாக்டர் தேவையில்லையா?

---

படமெடுப்பவர்

சொல்கிறது ஐயா, அதில் மதுரைக்கும் பங்கு உண்டு. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள், 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்த் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் சேர்ந்து வேலை செய்தன. பிறகு அதே இரண்டு இடங்களில் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து 2019-ல் எழுதினார்கள். படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் ஆட்களுக்கு ஈடாகவோ இன்னும் மேலாகவோ அது கண்டுபிடித்தது.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, வைத்தியம் வேறு. லேசர் போடவும் ஊசி போடவும் டாக்டர்தான் வேண்டும். அதோடு, படம் மங்கலாக இருந்தால் கம்ப்யூட்டர் கைவிரித்துவிடும். முற்றிய கண்புரையோடு வரும் கிழவிக்குத் தெளிவான படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவரை 'படம் விழவில்லை' என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதில் ஒரு மையமும் சுணங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

---

தேனி_கலா

என் அம்மாவுக்குச் சுகரால் மாக்யுலாவில் நீர் கோத்துக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கண்ணில் ஊசியா என்று பயந்தோம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போட்டதால் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்று அம்மா சொன்னார். பார்வையும் தெளிந்தது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். மாதாமாதம் வரச் சொன்னார்கள். போடியிலிருந்து மதுரைக்குக் காலையில் பஸ் ஏறினால் திரும்பும்போது ராத்திரி. மருந்து விட்ட கண்ணோடு தனியாக வர முடியாது, கூட ஒருவர் வேண்டும். அவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு. கண் நன்றாகத் தெரிந்ததும் அம்மா 'போதும்' என்று நிறுத்திவிட்டார். நீர் திரும்பக் கோத்துக்கொண்டது, இந்த முறை அந்த அளவு தெளியவில்லை.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஆதங்கமாக இருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறீர்கள். அந்த மருந்துக்காக ஒரு கூலிக்காரக் குடும்பம் வருடம் முழுக்க வர முடியுமா என்றும் யாராவது பார்க்கிறீர்களா?

---

ஆய்வுக்கூடம்_24

அக்கா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு வந்துபோகும் செலவைக் கொடுத்து, தேதி தவறினால் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். அப்படி எடுத்த பலன் சாதாரண வாழ்க்கையில் அப்படியே கிடைப்பதில்லை. விலையைக் குறைப்பதில் நம் நாடு நன்றாகவே செய்திருக்கிறது. கண்ணுக்குள் ஊசியாகப் போடும் ரானிபிஸுமாப் மருந்தின் மாற்றுத் தயாரிப்பு உலகிலேயே முதலில் 2015-ல் இந்தியாவில்தான் வந்தது. புற்றுநோய்க்கான அவாஸ்டினைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் செலவு இன்னும் குறைகிறது. இப்போது ஊசிக்கு ஊசி இடைவெளியை நீட்டும் மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடைவெளிதான் மருந்தின் பாதி மதிப்பு.

---

மேலூர்_முருகு

இது நான் எழுதவில்லை, தம்பி மகன் என் கணக்கிலிருந்து எழுதுகிறான்:

பெரியப்பா எல்லாவற்றையும் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த ஊசிக்குப் போகப் போவதில்லை, அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. உண்மையான ஆராய்ச்சியில் நான் எப்படிச் சேருவது? இப்போது எந்த ஆய்வும் இல்லை என்றால் என்ன செய்து தயாராக இருப்பது? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், இதே துறையில் வேலை பார்க்க முடியுமா என்றும் பயமாக இருக்கிறது.

---

வைகைக்கரையான்

தம்பி, வேலை பார்க்க முடியும். நான் இதைக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறேன். கண் சோர்ந்தால் என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிக்கும் மென்பொருள் படித்துச் சொல்லும், தமிழும் படிக்கும். போனில் அதே வேலைக்கு டாக்பேக் இருக்கிறது. நல்ல பார்வை இருக்கும்போதே விசைப்பலகையை மட்டும் வைத்து எல்லா வேலையும் செய்யப் பழகிக்கொள். பின்னால் தேவைப்படும்போது கற்பதைவிட இப்போது கற்பது எளிது. நிரல் எழுதும் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வாரமே கல்லூரியில் உன் துறைத் தலைவரிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

பெயரும் நம்பரும் பொதுவில் போட வேண்டாம். தனிச்செய்தியில் எழுது, பேசுவோம்.

---

ஆய்வுக்கூடம்_24

தம்பி, உன் கேள்விக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

இப்போது சேர முடிகிற ஆய்வு பெரும்பாலும் மருந்து ஆய்வாக இருக்காது. நோய் எப்படிப் போகிறது என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வாக இருக்கும். அதில் ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ரத்தம் ஒரு தடவை, அப்புறம் படம், ஓ.சி.டி., பார்வைப் பரப்பு. இது குறைந்த வேலை என்று நினைக்காதே. ஒரு மருந்து நோயை மெதுவாக்கியதா என்று சொல்ல வேண்டுமானால், மருந்து இல்லாமல் எவ்வளவு வேகமாகப் போகும் என்று முதலில் தெரிய வேண்டும். உலகத்து மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் ஆட்களிடம் காணும் மாற்றங்கள் பல, நோய்க்குக் காரணமா இல்லையா என்றே தீர்மானிக்க முடியாமல் கிடக்கின்றன. உன்னுடையதும் உன் பெற்றோருடையதும் சேர்ந்தால் அடுத்து வருகிற பிள்ளைக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா, அப்பா, தங்கச்சி மூன்று பேரும் கூட வர வேண்டும். உன் ரத்தத்தை மட்டும் பார்த்தால் அந்த மாற்றம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. பழைய ஃபைல் எல்லாம் எடுத்து வா, ஈ.ஆர்.ஜி. தாளை விட்டுவிடாதே. தாத்தா பாட்டி வரை யார் யாருக்குச் சொந்தம், யாருக்கு இருட்டில் தெரியாது, யாருக்குக் காது கேட்காது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், அது உன் உரிமை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உன் வழக்கமான வைத்தியம் பாதிக்கக் கூடாது. முடிவை யார் உனக்கு விளக்குவார்கள் என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள். வாத்தியார் ஐயா சொன்னது அதைத்தான்.

---

உசிலை_வாத்தியார்

என் பழைய மாணவன் வீட்டில் பேசினேன். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் வந்த மரபணுவின் பெயரை எடுத்துக்கொண்டு எந்தப் பிரிவில், எந்த மாதிரி மருத்துவரைப் பார்க்கச் சொல்லட்டும்? அவனுக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்.

---

ஆய்வுக்கூடம்_24

ரெட்டினா பிரிவில் பதிவு செய்துவிட்டு, மரபணு ஆலோசனை வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள் ஐயா. ரிப்போர்ட் பழையதாக இருந்தால் அதைத் திரும்ப அலசச் சொல்லலாம். அன்றைக்கு 'தெளிவில்லை' என்று எழுதிய மாற்றத்துக்கு இன்றைக்குப் பொருள் தெரிந்திருக்கக்கூடும், பல நேரங்களில் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டிய தேவைகூட வராது. தங்கையையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.